தாமரை விதைக்கிழங்கு ஒன்லைன்ல வாங்குறவை, காசு போட முதல் இதைப் பாருங்கோ

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில எங்கட வயலில ஒரு பள்ளத்துண்டு இருக்கு. பெரும்போக வெட்டு முடிஞ்சும் தண்ணி வடியாது. நெல்லுக்கு உதவாத அந்த இடம் தாமரைக்குச் சரி எண்டு, பேஸ்புக்கில 'நாட்டுத் தாமரை விதைக்கிழங்கு' எண்டு போட்டிருந்த ஒருத்தரிட்ட ஓடர் குடுத்தன். "அண்ணன், எல்லாம் முளையோட இருக்கு, பயமில்லாம நடுங்கோ" எண்டார். முழுக்காசையும் முதலே வங்கியில போடுவிச்சார்.

பஸ்ஸில வந்த சாக்கை அவிழ்த்தா, ரெண்டு பக்கமும் கத்தியால நேரா வெட்டின துண்டுகள். ஓட்டைக்குள்ள சேறு காய்ஞ்சு அடைச்சிருந்தது. சந்தையில கறிக்கு விக்கிற கிழங்கு அது! நடுற கிழங்கில ரெண்டு மூண்டு கணுவும், நுனியில ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்ச குருத்தும் முறியாம இருக்கோணும். வெட்டுவாயால தண்ணி உள்ள போனா முளைக்க முதலே அழுகும். காசு போன வயித்தெரிச்சல்ல நட்டும் பாத்தன். பிறகு சேத்துக்க கையை விட்டா வழுவழுவெண்டு கரைஞ்சு வந்தது, அந்த நாத்தம் சவுக்காரம் போட்டும் போகேல்ல.

ஆளைக் கேட்டா "தண்ணி கூடிப்போச்சு" எண்டார், பிறகு "வெயில் காணாது" எண்டார். திருகோணமலையில வெயில் காணாதாம்! அதுக்குப் பிறகு புளொக்.

இதைவிட மோசம், சாக்கோட 'இலவசமா' வந்த 'இளந்தாமரைக் கன்று'. காம்பு ஊதி, அமத்தினா பஞ்சு மாதிரி இருந்தது. சாட்சாத் ஆற்றுவாழை, ஆகாயத்தாமரை எண்டும் சொல்ற, தண்ணியை மூடிப் பரவுற களை. இலங்கையில அதை வைச்சிருக்கக்கூடாதெண்டு 1909இலேயே சட்டம் போட்டாச்சு. வாய்க்காலுக்க ஒண்டு தப்பினாலே அயல் வயல்காரரிட்ட என்ன பதில் சொல்றது? வெயிலில காயவைச்சு எரிச்சன்.

வாங்கத்தான் வேணும் எண்டா, குருத்து தெரியிற மாதிரி அண்டைக்கே எடுத்த வீடியோ கேளுங்கோ. இலைப்படம் அனுப்பினா காம்பைப் பாருங்கோ: தாமரையிலை முழுவட்டம், காம்பு நடுவில. ஓரத்திலயிருந்து காம்பு வரை பிளந்திருந்தா அது அல்லி. நட்ட புதுசில குருத்துக்கு மேல நாலு விரல் தண்ணி போதும், இலை எழும்ப எழும்பக் கூட்டலாம்.

அந்த ஆள் இப்ப வேற பேரில கொட்டிக்கிழங்கு விக்கிறார். கிழங்குப் படம் மட்டும்தான் புதுசு, காசு போடச் சொல்ற வங்கிக் கணக்கு பழசுதான்.