பி.ஆர்க்.கா, சிவிலா: ஐந்தாவது ஆண்டின் விலை

‘ஆர்க்கிடெக்சுரல் இன்ஜினியரிங்’ என்ற பெயரைக் கேள்விப்பட்டு அதற்குக் கல்லூரி தேடும் தமிழ்நாட்டுப் பெற்றோர், நடைமுறையில் இரண்டு வேறு படிப்புகளுக்கு இடையில்தான் நிற்கிறார்கள். ஒன்று ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க்.; மற்றொன்று நான்காண்டு பி.இ. சிவில். அமெரிக்காவில் இந்தப் பெயரிலேயே தனிப் பட்டம் உண்டு. ஆனால் அது கட்டடத்தின் தாங்கமைப்பு, குளிரூட்டல், மின்சாரம், ஒளியமைப்பு ஆகியவற்றைக் கணக்கிடும் பொறியாளரை உருவாக்குவதே தவிர, ஆர்க்கிடெக்டை அல்ல. நான் சிவில் படித்து, ஆர்க்கிடெக்டுகள் வரைந்து அனுப்பும் கட்டடங்களுக்குத் தூணும் பீமும் கணக்கிட்டுக் கொடுப்பவன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சேர்க்கையைப் பொறுத்தவரை சிவில் எளிது. பொறியியலுக்கு மாநில நுழைவுத்தேர்வு 2007-இல் நீங்கிய பிறகு, பிளஸ் டூ கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண் மட்டும் போதும். பி.ஆர்க். இடத்துக்கு, கட்டடக்கலைக் கவுன்சில் நடத்தும் ‘நாட்டா’ தேர்வின் 200 மதிப்பெண்ணும் பிளஸ் டூவுக்கான 200 மதிப்பெண்ணும் சேர்ந்து 400-க்குத் தரவரிசை போடுவார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் பி.ஆர்க். படிக்க விரும்பினால் ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாளை எழுத வேண்டும். ‘நாட்டா’ பயிற்சி வகுப்புக்குக் கட்டும் பணத்தையும் படிப்புச் செலவிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கட்டணத்தை ஆண்டுத் தொகையாக மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லாததுபோலத் தோன்றும். தனியார் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 50,000 ரூபாய். தரச்சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அதிலும் 25,000 ரூபாய் குறையும். என்.ஐ.டி.களில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் என்றாலும், குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் முழுவதும், ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி ஆகும். உண்மையான வேறுபாடு இந்த எண்களில் இல்லை, ஐந்தாவது ஆண்டில் இருக்கிறது.

அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயை ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் வங்கி கடனாகக் கொடுக்கிறது, வட்டி 10 சதவீதத் தனிவட்டி, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் சிவில் மாணவரின் கடன், அசல் 4 லட்சமும் வட்டி 1.40 லட்சமும் சேர்ந்து 5.40 லட்சமாக நிற்கும். பி.ஆர்க். மாணவருக்கு அசல் 5 லட்சம், வட்டி 2 லட்சம், ஆக 7 லட்சம். அந்த ஐந்தாவது ஆண்டில் சிவில் மாணவர் மாதம் 15,000 ரூபாய்க்கு ஒரு சைட்டில் வேலை பார்த்திருந்தால்கூட 1.80 லட்சம் சம்பாதித்திருப்பார். ஆக, கட்டண அட்டவணையில் ஒரு லட்சமாகத் தெரியும் வேறுபாடு, வீட்டுக் கணக்கில் 3.40 லட்சமாக வந்து நிற்கிறது.

இதற்கு மேல், பி.ஆர்க்.கில் ஸ்டுடியோ எனப்படும் வடிவமைப்பு வகுப்புக்கான செலவு இருக்கிறது. மாணவரின் வடிவமைப்பை மதிப்பிட ஒரு செமஸ்டர் முடிவில் நடக்கும் ஜூரிக்கு முந்தைய இரவில், கல்லூரிக்கு அருகிலுள்ள பிளாட்டிங் கடையில் போய் நின்று பார்த்தால் அது விளங்கும்: ஏ1 அளவில் ஆறேழு ஷீட்டுகள் வண்ணத்தில் அச்சாகிக்கொண்டிருக்கும், கட்டர் கீறிய விரலில் பிளாஸ்திரி ஒட்டிய மாணவி, சன்போர்டு என்னும் நுரை அட்டையில் செய்த மாடலை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருப்பாள், காலையில் ஜூரியில் அமர்ந்தவர் பத்து நிமிடத்தில் அந்த வடிவமைப்பையே மாற்றச் சொல்லிவிடக்கூடும். கட்டடத்தை நிஜப் படம்போல் காட்டும் ரெண்டர் எடுக்கும் மென்பொருள்கள் சாதாரண மடிக்கணினியில் திணறும் என்பதால், கிராஃபிக்ஸ் கார்டு உள்ளதையே வாங்க வேண்டும். கட்டடங்களை நேரில் பார்த்து ஆவணப்படுத்தும் பயணங்கள் தனி. சிவில் மாணவருக்கு சர்வே கேம்ப்பும் ஒரு நல்ல கால்குலேட்டரும் போதும் என்று சொல்வது சற்று மிகைதான், ஆனால் பெரிய மிகை அல்ல.

இவ்வளவு கூடுதலாகச் செலவழித்து வாங்கும் பட்டம் எதைக் கொடுக்கிறது? 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்டுகள் சட்டம், கவுன்சிலில் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று அழைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அது காப்பது பெயரைத்தான், தொழிலை அல்ல. நொய்டா வளர்ச்சி ஆணையப் பணியிடம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் இதையே உறுதி செய்தது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டோடு பதிவு பெற்ற பொறியாளரையும் ஏற்கின்றன; ஒரு சாதாரண வீட்டு வரைபடத்தில் இருவரில் எவரும் கையெழுத்திடலாம். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைப்பதால், சிறிய வீட்டு வரைபடத்துக்கு மக்கள் கொடுக்க முன்வரும் தொகை இன்னும் குறையும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோர் அரிதாகவே கவனிக்கும் இன்னொன்றும் உண்டு. கவுன்சிலின் 1989-ஆம் ஆண்டுத் தொழில் நடத்தை விதிகள், ஆர்க்கிடெக்ட் தம் சேவையை விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. அதே தெருவில் சிவில் இன்ஜினியர் ஒருவர் ‘பிளான், எஸ்டிமேட், பேங்க் லோன் செய்து தரப்படும்’ என்று ஃபிளெக்ஸ் கட்டலாம். கட்டுமானத்தையும் தம்மிடமே கொடுத்தால் பிளான் இலவசம் என்றும் சொல்லலாம். ஆகவே சொந்தமாக அலுவலகம் திறக்கும் இளம் ஆர்க்கிடெக்டுக்கு முதல் நான்கைந்து வேலைகள் சொந்தபந்தங்கள் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. வீடு கட்டும் வசதியுள்ள உறவினர்கள் உள்ள குடும்பத்துக்கு இந்தப் பட்டம் விரைவில் பலன் தருகிறது. அப்படி எவரும் இல்லாத குடும்பத்துப் பிள்ளை பிறர் அலுவலகத்தில் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருக்கிறது. இதை எந்தக் கல்லூரிக் கையேடும் அச்சிடுவதில்லை.

தொடக்கச் சம்பளத்தில் இரு தரப்பும் ஏழைதான். நான் பார்த்தவரையில், சென்னையின் சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களிலும் சிறிய கட்டுமான நிறுவனங்களிலும் முதலாண்டுச் சம்பளம் பதினைந்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. வேறுபாடு கதவுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் பணிகள், யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வு, ‘கேட்’ (GATE) தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்கும் பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாம் சிவிலுக்குத் திறந்தவை. பொறியியல் பணித் தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என நான்கு பிரிவுகள்தான். கட்டடக்கலைக்கு அதில் இடமில்லை. அரசில் ஆர்க்கிடெக்ட் பணியிடங்கள் இருக்கின்றன, ஆனால் மிகக் குறைவு. மறுபுறம், இடவெளி பற்றிய கற்பனையும் அதை வரைந்து காட்டும் கையும் உள்ள ஒருவரை சிவிலில் தள்ளிவிட்டால், அவர் நான்காண்டும் சலிப்போடு படித்து முடித்து, கடைசியில் கட்டடத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் போய் அமர்வதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் விழும் வேலையும் உண்டு. ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில், ஆர்க்கிடெக்ட் காட்டிய ஃபால்ஸ் சீலிங் உயரத்துக்கும் நான் போட்ட 750 மில்லிமீட்டர் பீமுக்கும் இடையே ஏசி காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட் நுழைய இடமில்லாமல் போனது. பீமில் துளை போட முடியுமா என்று ஏசி பொறியாளர் கேட்டபோது, மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு நாள் வரைந்து தீர்த்தோம். அமெரிக்கப் பட்டம் கற்றுத்தருவது இந்த மேசையின் வேலையைத்தான். இங்கே அதை எம்.இ.பி. (குளிரூட்டல், மின்சாரம், குழாய் அமைப்பு) ஆலோசனை நிறுவனங்கள் செய்கின்றன. அவை எடுப்பதும் பெரும்பாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவர்களையே.

அந்தத் துறைதான் வேண்டும் என்பவர், இளநிலையை இங்கே பொறியியலில் முடித்துவிட்டு, முதுநிலைக்கு மட்டும் அமெரிக்கா போவது செலவில் மிகவும் குறைவு. விசாவிலும் ஒரு நன்மை உண்டு: ஆர்க்கிடெக்சுரல் இன்ஜினியரிங், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கான அமெரிக்க அரசின் ‘ஸ்டெம்’ பட்டியலில் இருப்பதால், படிப்புக்குப் பின் வழக்கமாகக் கிடைக்கும் 12 மாத வேலை அனுமதியோடு மேலும் 24 மாதம் கோரலாம்; எம்.ஆர்க். பட்டத்துக்கு அந்த நீட்டிப்பு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் கிடைப்பதில்லை. ஆனால் அந்தப் பட்டத்தோடு ஊர் திரும்பி ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பலகை மாட்ட எண்ணுபவர், கவுன்சில் ஏற்கும் பட்டங்களின் அட்டவணையை விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே படித்துப் பார்த்துவிட வேண்டும்.