‘செலவுப் பகிர்வு’ என்று எழுதிப் பணம் அனுப்பாதீர்கள்: பெக்லர் ஆற்றில் எனக்கு நேர்ந்தது

சியாட்டில் பக்கம் குளிர்காலக் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) பயணத்துக்கு வழிகாட்டி தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த ஜனவரியில் ஒருவரிடம் 480 டாலர் கொடுத்துப் பெக்லர் ஆற்றில் இறங்கினேன். பாதித் தூரத்தில் கரையேறி, நனைந்த உடையோடு காட்டுச் சாலையில் நடந்து திரும்பினேன். புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரை எழுதவில்லை. அவர் பணம் வாங்கிய விதத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பெக்லர், ஸ்கைகோமிஷ் ஆற்றின் தென்கிளையில் வந்து சேரும் மலையாறு. அது ஓடுவது தேசியக் காட்டு நிலத்தில். அங்கே காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துச் செல்பவர் வனத்துறையிடம் சிறப்பு அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கிரெடிட் கார்டு வேண்டாம், ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் சேவை) வழியாக அனுப்புங்கள், குறிப்பில் ‘நண்பர்கள் செலவுப் பகிர்வு’ என்று எழுதுங்கள் என்று அவர் சொன்னபோது, ஏதோ கார்டு கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்து அப்படியே எழுதி அனுப்பினேன். படகு, டிரை சூட் (தண்ணீர் புகாத முழு உடை), ஐந்து பேருக்கு இரண்டு வழிகாட்டிகள் என்பது பேச்சு. காலையில் வந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.

டிரை சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த உடை குளிரைத் தடுப்பதில்லை, தண்ணீரைத்தான் தடுக்கிறது. உடல் வெப்பத்தைக் காப்பது உள்ளே போடும் கம்பளித் துணி. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பிடிக்கும் லேட்டெக்ஸ் வளையங்கள் கெட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். எனக்குத் தந்த உடையின் இடது மணிக்கட்டு வளையம் பழைய ரப்பர் பேண்டு போல ஒட்டிக்கொண்டு பளபளத்தது. விரலால் இழுத்தபோது ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. காட்டியதும் அவர் வண்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். அந்த இடத்திலேயே நான் உடையைக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்துவிட்டோமே என்ற நினைப்புத்தான் என்னை ஆற்றில் இறக்கியது.

நீர்மட்டத்திலும் இதே கதைதான். நீரோட்டத்தின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை படிகளாகப் பிரிக்கும் தரவரிசையில் இது மூன்றாம் படி என்று அவர் எழுதியிருந்தார்; மூன்றாம் படியில் இரண்டு கோடைகள் ஓட்டிய அனுபவம் எனக்கு உண்டு. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாளும் ஹவாய்ப் பக்கமிருந்து வெதுவெதுப்பான மழை வந்து கொட்டியிருந்தது. பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்று இவர்கள் செல்லமாக அழைக்கும் இந்த மழை, மலையில் கிடக்கும் பனியையும் கரைத்துக்கொண்டு இறங்கும்போது மூன்றாம் படி மூன்றாம் படியாக இருப்பதில்லை. கோல்ட் பார் அருகே ஸ்கைகோமிஷ் ஆற்றில் உள்ள அரசின் நீர் அளவி, நொடிக்கு 3,200 கன அடியிலிருந்து ஒரே இரவில் 9,000-ஐத் தாண்டிவிட்டதை நான் கைப்பேசியில் காட்டினேன். அது கீழே உள்ள பெரிய ஆற்றின் கணக்கு, இங்கே பொருந்தாது என்றார். பெரிய ஆற்றுக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து போகிறது என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

மூன்றாவது வளைவில் ஒரு தேவதாரு மரம் ஆற்றின் குறுக்கே பாதி தூரம் விழுந்து கிடந்தது. சல்லடை போல, தண்ணீர் கிளைகளுக்கு ஊடே புகுந்து போகும், ஆள் சிக்கிக்கொள்வான். அதை விட்டு விலகத் துடுப்பை வலித்ததில் கவிழ்ந்தேன். இருமுறை நிமிர முயன்றும் முடியாமல் ஸ்கர்ட்டை (படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் விரிப்பு) பிய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். டேப் எப்போது போனதோ தெரியவில்லை, இடது கைவழியே முழங்கை வரைக்கும் பிறகு விலாவுக்கும் ஐஸ் தண்ணீர் ஏறியது. மூச்சு என் வசத்தில் இல்லை. கத்த நினைத்தும் விக்கல்தான் வந்தது. வழிகாட்டி அடுத்த வளைவைத் தாண்டிப் போய்விட்டிருந்தார். உடன் வந்த பெண்மணி ஒருவர் சொந்தமாகக் கொண்டுவந்திருந்த, மீட்புக் கயிறு அடைத்த பையை வீசித்தான் என்னைக் கரைக்கு இழுத்தார். படகு போய்விட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லாத அந்தப் பள்ளத்தாக்கில், நாலரை மணிக்கே கவியும் இருட்டுக்கு முன்னால் நாங்கள் இருவரும் சாலையைப் பிடித்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நாம் நண்பர்களாகத்தானே போனோம் என்று பதில் வந்தது. நானே விரும்பி அனுப்பிய தொகை என்று வங்கி கைவிரித்தது. வனத்துறை அலுவலகத்தில் விசாரித்ததில், அந்தப் பெயரில் அனுமதியே இல்லை என்றார்கள். வியாபாரமாக நடத்தினார் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். என் கையெழுத்தில் இருந்த ஆதாரமோ ‘செலவுப் பகிர்வு’. நல்லவேளையாக, ‘தலைக்கு 480, படகும் உடையும் சேர்த்து’ என்று அவர் அனுப்பிய பழைய குறுஞ்செய்தி அழியாமல் இருந்ததால் அதைப் படமெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. மணிக்கட்டு வளையத்தைக் கிழித்ததற்கு நான் 60 டாலர் தர வேண்டுமாம். குறிப்பில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தார்.