கோட்டக்குப்பத்தில் அரிசி, முத்தியால்பேட்டையில் பணம்

புதுச்சேரியின் வடக்கு ஓரம் முத்தியால்பேட்டை. அதைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. கடைகளும் வீடுகளும் ஒட்டியே போவதால் எங்கே மாநிலம் மாறியது என்று சட்டென்று தெரியாது. ஆனால் 2015 செப்டம்பரில் இருந்து ஏறக்குறைய ஒன்பது வருடம், கோட்டக்குப்பம் பக்கம் ரேஷன் கடையில் அரிசி போட்டார்கள். முத்தியால்பேட்டை பக்கம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். உணவு மானியத்தைப் பணமாகக் கொடுக்கலாமா என்று டெல்லியில் நடக்கும் வாதத்துக்கு நம் வாசலிலேயே விடை எழுதிப் பார்த்த இடம் இது.

பணம் என்கிற யோசனையை அப்படியே தள்ளிவிட முடியாது. இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க மத்திய அரசு போட்ட சாந்தகுமார் குழு 2015 ஜனவரியில் கொடுத்த அறிக்கை, நாட்டில் 6 சதவீத விவசாயிகள்தான் ஆதார விலைக்கு, அதாவது அரசு முன்கூட்டியே அறிவிக்கும் குறைந்தபட்ச விலைக்கு, அரசிடம் விற்கிறார்கள் என்றது. பெரிய நகரங்களில் தொடங்கி, தானியத்துக்குப் பதில் படிப்படியாகப் பணம் கொடுக்கலாம் என்றும் சொன்னது. கிடங்குச் செலவு மிச்சம், எடை மோசடி இல்லை, கடத்தல் இல்லை. ஊறல் வாடை அடிக்கும் அரிசியை வாங்கி வந்து மூன்று தண்ணீரில் களைந்தவர்களுக்கு, பிடித்த கடையில் பிடித்த அரிசி என்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, நடந்தது என்ன? புதுச்சேரியில் ஏழைகளின் சிவப்பு அட்டைக்கு மாதம் 20 கிலோ, மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ என்ற கணக்கை கிலோவுக்கு 30 ரூபாய் என்று பெருக்கி 600, 300 ரூபாயாக ஆக்கினார்கள். கடைத்தெருவில் அரிசி விலை ஏற ஏற, அந்த 600 ரூபாய்க்குக் கிடைக்கும் அரிசி 20 கிலோவில் இருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். கோட்டக்குப்பத்து 20 கிலோ மூட்டைக்கு அந்தக் கவலை இல்லை. 2011இல் இருந்து இலவசம், வெளியில் என்ன விலை விற்றாலும் எடை குறையாது. பணம் வேறு செலவில் கரைந்துவிடும் என்று பெண்கள் சொன்னதைப் பலர் லேசாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த அரிசி சோறாகத்தான் ஆகும், மிஞ்சினால் இட்லி மாவாகும். கணக்கில் விழுந்த பணத்துக்கு ஆயிரம் வழி. கடைசியில் 2024 தீபாவளிக்கு முன் புதுச்சேரி அரசு ரேஷன் கடைகளைத் திரும்பத் திறந்தது.

இந்த விவாதத்தில் சாப்பிடுகிறவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மூட்டையின் மறுமுனையில் தஞ்சாவூர், திருவாரூர் விவசாயி நிற்கிறார். ரேஷனுக்கு அரிசி வேண்டும் என்பதால்தான் ஊருக்கு ஊர் நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது. 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மத்திய ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநிலம் 131 சேர்த்து 2,500 ஆக்கியது. ரேஷனைப் பணமாக மாற்றினால் இந்த நெல்லை அரசு எதற்கு வாங்க வேண்டும்?

விவசாயிக்கும் பணமாகவே கொடுத்துவிடலாமே என்பார்கள். மத்தியப் பிரதேசம் 2017இல் ஆதார விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் போட்டுப் பார்த்தது. மீதியை அரசு தரும் என்று தெரிந்ததும் வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டார். தெலங்கானா 2018இல் ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்தது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போனது. டெல்டாவில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவருக்கு அந்த வழியில் என்ன கிடைக்கும்?

அதற்காகக் கொள்முதல் நிலையம் கோயில் மாதிரி என்று சொல்ல வரவில்லை. குறுவை அறுப்பும் வடகிழக்கு மழையும் ஒன்றாக வரும். நெல் சாலையோரத்தில் குவிந்து கிடக்கும், தார்ப்பாய்க்கு அடியில் முளை விடும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போய், குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் பாதி நெல் வியாபாரியிடம் போயிருக்கும். 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று கை நீட்டுவது தனிக் கதை.

இருந்தும் என் ஓட்டு மூட்டைக்குத்தான். ஆனால் மூட்டைக்குள் எப்போதும் அரிசியே இருக்க வேண்டுமா என்று கேட்பேன். அரசு நெல்லையும் கோதுமையையும் மட்டும் அள்ளி அள்ளி வாங்கியதில் பஞ்சாபின் நிலத்தடி நீர் எங்கே போய்விட்டது என்று பார்க்கிறோம். தமிழ்நாடு 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது. கேழ்வரகின் ஆதார விலை 2025-26இல் 4,886 ரூபாய், நெல்லைப் போல இரண்டு மடங்கு. மானாவாரிக் காட்டில் ஏக்கருக்கு மூட்டை குறைவாகத்தான் காணும் என்பதால் அந்த விலை தேவைதான். அப்புறம், அதை எடுத்துக்கொள்ள நடந்து போகிற தூரத்தில் ஒரு கொள்முதல் நிலையமும் வேண்டும்.