சிம்பிளிகோ கட்டண முறை: ஒரு பயனர் அனுபவ வடிவமைப்பாளரின் மதிப்பீடு

சிங்கப்பூரில் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் கட்டணம் செலுத்த இரண்டு முறைகள் அருகருகே இயங்குகின்றன. 2002ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிமுகமான ஈசி-லிங்க் அட்டையின் பழைய முறையில் பணம் அட்டையிலேயே பதிவாகியிருக்கும். இறங்கும்போது தட்டினால், கழிக்கப்பட்ட தொகையையும் மீதியையும் கருவி அந்தக் கணமே காட்டிவிடும். 2019இல் வந்த சிம்பிளிகோ முறையில் கணக்கு மைய அமைப்பில் இருப்பதால், அட்டையோ கைப்பேசியோ நாம் யாரென்று தெரிவிப்பதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. கட்டணம் பின்னர் கணக்கிடப்படுகிறது. பயனர் அனுபவ வடிவமைப்பை, அதாவது சேவைகளை மக்கள் எளிதாகப் பயன்படுத்தும்படி அமைக்கும் வேலையை, பிழைப்பாகக் கொண்டவள் என்ற முறையில், பொதுமக்கள் அன்றாடம் தொட்டுப் பயன்படுத்தும் சேவைகளில் இதைவிடக் கவனமாக ஆராயத்தக்க ஒன்று இந்த ஊரில் இல்லை என்று கருதுகிறேன்.

முதலில் அதன் நிறைகள். வங்கி அட்டையைத் தட்டிப் பயணம் செய்பவர்களுக்குப் பணம் நிரப்பும் கவலையே இல்லை. சிம்பிளிகோ முறையில் இயங்கும் ஈசி-லிங்க் அட்டை வைத்திருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே செயலியின் வழியாகப் பணம் நிரப்பலாம், பயண விவரங்களைப் பார்க்கலாம், அட்டை தொலைந்தால் உடனே அதை முடக்கலாம். நான் வங்கி அட்டையைத்தான் பயன்படுத்துகிறேன். அவசரமான காலை வேளையில் இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பது சிறிய நன்மையன்று. செயலியைத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த முறையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

குறை, தட்டும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. வாயில் திறக்கிறது, ஆனால் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதமிருக்கிறது என்பது திரையில் தெரிவதில்லை. மைய அமைப்பிலிருந்து அந்த விவரத்தைப் பெற்றுக் காட்டச் சில விநாடிகள் ஆகும், அதனால் வாயில்களில் நெரிசல் ஏற்படும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் விளக்கியது. தொழில்நுட்ப அளவில் அது நியாயமான விளக்கம்தான். ஆயினும் வயதுவந்தோருக்கான பழைய அட்டை முறை 2024 ஜூன் 1 முதல் நிறுத்தப்படும் என்று அவ்வாண்டு ஜனவரி 9ஆம் தேதி அறிவிக்கப்பட்டதும் மக்களிடமிருந்து கடும் அதிருப்தி எழுந்தது. இரண்டு வாரம் ஆவதற்குள், ஜனவரி 22ஆம் தேதி, அந்த முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைக் குறைந்தது 2030 வரை தொடர்வதற்காகக் கூடுதலாக 40 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி செலவிடப்படும் என்றும் அறிவித்தார்கள். திரையில் வரும் ஓர் எண்ணுக்காக இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. என் தொழிலில் அந்தக் கேள்விக்கு நெடுங்காலமாகவே விடை இருக்கிறது.

பயனர் அனுபவம் என்ற சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் பணியில் சேர்ந்த டான் நார்மன், அதற்கு முன் மின்பொறியியல் படித்து உளவியலுக்கு வந்த பேராசிரியர். 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்த பிறகு, அங்கிருந்த பணியாளர்கள் ஏன் தவறினார்கள் என்று ஆராய அழைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பழி பணியாளர்களுடையதன்று, கட்டுப்பாட்டு அறையின் வடிவமைப்பே தவறுக்கு இடம்கொடுத்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த அறையில் இருந்த ஒரு விளக்கு, அடைப்பிதழை (வால்வை) மூடும் ஆணை அனுப்பப்பட்டதை மட்டுமே காட்டியது. அடைப்பிதழ் உண்மையில் திறந்தே கிடந்தது. பின்னாளில் நார்மனோடு சேர்ந்து ஆலோசனை நிறுவனம் தொடங்கிய யாக்கோப் நீல்சன், 1994இல் வெளியிட்ட, வடிவமைப்புக்கான பத்து விதிகளில் முதலாவதாக வைத்ததும் இதையே: அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது பயனருக்கு எப்போதும் தெரிவிக்க வேண்டும். அணு உலையும் பேருந்துக் கட்டணமும் ஒப்பிடத்தக்கவை அல்ல. எனினும் 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்லும் கருவிக்கும் 'இதைச் செய்து முடித்தேன்' என்று சொல்லும் கருவிக்கும் உள்ள வேறுபாடு இரண்டிலும் ஒன்றே.

பழைய முறை நிறுத்தப்படும் என்ற அந்த அறிவிப்பு வந்தபோது வயதுவந்தோரின் பயணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே புதிய முறைக்கு மாறியிருந்தது. வெற்றி என்று எளிதாகப் படிக்கக்கூடிய எண் அது. ஆனால் வடிவமைப்பாளர் முதலில் கேட்க வேண்டியது, மீதி மூன்றில் ஒரு பங்குப் பயணங்களை மேற்கொண்டவர்கள் ஏன் மாறவில்லை என்பதைத்தான். மாதச் செலவுக்குக் கணக்குப் பார்த்து வாழ்பவர்கள், பேரப்பிள்ளையின் அட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பணம் நிரப்பித் தரும் பாட்டிகள், கைப்பேசியைப் பேசுவதற்கு மட்டுமே வைத்திருப்பவர்கள் என்று பலரை எண்ணிப் பார்க்கலாம். தேக்காவில் காய்கறிப் பையோடு பேருந்து ஏறும் ஒருவருக்கு, மீதித்தொகையை அறியச் செயலியைத் திறந்து பாருங்கள் என்பது பொருத்தமான விடையாகாது. நிலையங்களில் உள்ள பணம் நிரப்பும் இயந்திரங்களில் தமிழையும் தெரிவுசெய்ய முடிவது நல்ல ஏற்பாடு; அதே அக்கறை தட்டும் கருவிக்கும் வேண்டும்.

ஆகவே, வங்கி அட்டையும் கைப்பேசியும் கைவசம் உள்ளவர்கள் சிம்பிளிகோவை நம்பிப் பயன்படுத்தலாம். வீட்டில் முதியவர் இருந்தால், அவர் ஒவ்வொரு முறையும் மீதியைப் பார்ப்பவரா என்று கேட்டறிந்த பிறகே அவருடைய அட்டையை மாற்றுங்கள். பழைய முறை தொடரும் இந்த ஆண்டுகளில், முந்தைய பயணத்தின் கட்டணத்தையாவது அடுத்த முறை தட்டும்போது காட்ட வழியுண்டா என்று ஆணையம் ஆராய வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் வாதிட்டிருக்கிறார்; அந்த ஐந்து பேரும் எழுபது வயதைக் கடந்தவர்களாக இருக்கட்டும், சோதனையும் அலுவலக அறையில் நடக்காமல் மாலை நெரிசலில் ஒரு பேருந்தின் பின்கதவருகே நடக்கட்டும்.