சில்லுக்குள் நீர்: சுன்னாகத்து ரயர் கடையொன்று

எமது உழவு இயந்திரத்தின் பின்சில்லுகளுக்குச் சுன்னாகத்துக் கடையொன்றில் நீர் நிரப்புவித்தேன். வால்வை உச்சியில் நிறுத்தி, அதன் மட்டம்வரை, அதாவது ஏறத்தாழ 75 சதவீதம் நிரப்பி, மிகுதியைக் காற்றுக்கு விட்டது சரியான முறையே. சேற்று வயலில் வழுக்கிய சில்லு, நீரின் பாரத்தால் இப்போது பிடித்து இழுக்கிறது. ஆனால் கடைக்காரர் உவர்க்கிணற்று நீரை ஊற்ற முற்பட்டபோது, உப்பு இரும்பை அரிக்கும் என்பதால் நான் மறிக்க வேண்டியிருந்தது.

கனடாவிலுள்ள மைத்துனர் கல்சியம் குளோரைட்டுக் கரைசலையே பரிந்துரைத்தார். வெறும் நீர் உறைந்துவிடும் அந்நாட்டில், எளிதில் உறையாததும் நீரைவிடப் பாரமானதுமான அக்கரைசல் பொருந்தும். எனினும் கசிந்தால் இரும்பு றிம்மை அரித்துவிடும் என்பதால், விலை கூடினாலும் சீனி எடுக்கும் பீற்றூட் வகையின் சாற்றை நிரப்புவோரும் அங்குண்டு. உறைபனியே காணாத யாழ்ப்பாணத்தில் இரண்டும் வீண்செலவு. கடையில் அரைநாள் காத்திருந்ததுதான் சலிப்பு.