ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4-ல சோழர் இல்ல, அப்போ நம்ம எதுல ஆடுறது?

பழைய அரசு ஒண்ண எடுத்து சண்டை போடுற கம்ப்யூட்டர் கேமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4-க்கு புது டிஎல்சி (கூடுதல் பேக்) அறிவிப்பு வர்றப்பல்லாம் எங்க வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல வர்ற கேள்வி ஒண்ணுதான், சோழர் வந்துட்டாங்களா? இல்ல. 2021 அக்டோபர்ல கேம் வந்தப்போ மொத்தம் எட்டு சிவ் (நாம எடுத்து ஆடுற அரசு), அதுல இந்தியாவுக்குன்னு டெல்லி சுல்தானகம் மட்டும். ஆரம்பம்தானே, பின்னாடி தருவாங்கன்னு பொறுத்தோம். 2022-ல ஒட்டோமானும் மாலியும் வந்துச்சு, 2023-ல பைசாண்டியமும் ஜப்பானும் வந்துச்சு, 2025-ல திரும்ப இந்தியாப் பக்கம் வர்றாங்கன்னு கேள்விப்பட்டு ஆசையா போய்ப் பார்த்தா துக்ளக். மறுபடியும் டெல்லி.

டெல்லி மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. நல்லாவே செஞ்சிருக்காங்க, ஆராய்ச்சி எல்லாம் இலவசம், நேரம்தான் கூட எடுக்கும், முதுகுல வில்லாளிங்கள ஏத்திக்கிட்டு யானை எதிரி ஊருக்குள்ள நுழையுறப்போ பார்க்கவே ஜோரா இருக்கும். ஆனா 1311-ல மாலிக் காபூர் மதுரைக்கு வந்தது அந்த அரசோட படையிலதான், 1320-கள்ல மதுரையைப் பிடிச்சு மாகாணமா ஆக்கினது துக்ளக் காலத்துலதான். ஆக அந்தக் கதையில படையெடுத்து வந்தவங்க பக்கம் ரெண்டு சிவ் இருக்கு, தெற்குல இருந்தவங்களுக்கு ஒண்ணுகூட இல்ல. இது வலிக்கத்தான் செய்யுது.

அதுவும் சோழர் அந்த கேமுக்கு அப்படியே பொருந்துவாங்க. அதுல சீனாவ எடுத்தா சோங் வம்சம் தனியா வருதுல்ல, அந்த சோங் அரசுக்குத்தான் 1015, 1033, 1077-ல சோழர் தூதுக்குழு அனுப்பியிருக்காங்க. நார்மன்காரங்க 1066-ல இங்கிலாந்துல இறங்குறதுல இருந்து கேமோட கேம்பெய்ன் (கதையா ஆடுற பகுதி) ஆரம்பிக்குது, அதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே, 1025-ல, ராஜேந்திரன் கடல் தாண்டி, சுமத்ராவ மையமா வெச்சிருந்த ஸ்ரீவிஜய அரச அடிச்சிட்டாரு. 'அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி'ன்னு மெய்க்கீர்த்தி சொல்ற அந்தப் படை போன ஊர்ப் பட்டியல்ல கடாரம் இருக்கு, இலங்காசோகம் இருக்கு, நக்கவாரம் இருக்கு, அங்க கைப்பத்தின விச்சாதிரத் தோரணத்தக்கூட விடாம எழுதி வெச்சிருக்காங்க. அந்த கேம்ல பெரும்பாலான சிவ் ஒரு காலத்துல இருந்து அடுத்ததுக்கு ஏற ரெண்டு லேண்ட்மார்க் கட்டடத்துல ஒண்ணக் கட்டணும், அந்தத் தோரணத்த ஒரு லேண்ட்மார்க்கா யோசிச்சுப் பாருங்க. இன்னொண்ணு, அதுல காலம் ஏற ஏற வீரர்கள் பேசுற மொழியும் பழசுல இருந்து புதுசா மாறும். தமிழுக்கு அத செஞ்சா எப்படி இருக்கும்! இத நினைச்சாத்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

சிங்கப்பூர்ல உக்காந்து பார்த்தா வருத்தம் இன்னும் கூடுது. கடாரம்னா நமக்கு ஏதோ தூர தேசம் இல்ல, இங்கருந்து ராத்திரி பஸ் புடிச்சா காலையில கெடா, பூஜாங் பள்ளத்தாக்குல பழைய கோயில் அடித்தளத்தயே போய்ப் பார்க்கலாம். ஏஜ் 4-ல சோழர் மட்டும் இல்லன்னு இல்ல, மலாய் இல்ல, கெமர் இல்ல, இந்தப் பகுதியவே தாண்டிப் போயிட்டாங்க.

சரி, இருக்கிறதுல எது? நான் ஆடிப் பார்த்ததுல ரெண்டு.

சிவிலைசேஷன் 7, 2025 பிப்ரவரியில வந்தப்பவே சோழர் உள்ள இருந்தாங்க, காசு கட்டி தனியா வாங்கவேண்டிய பேக்ல இல்ல, அடிப்படை கேம்லயே. அத பார்த்தப்போ உண்மையிலயே மனசு நிறைஞ்சுது. செஞ்சவங்க படிச்சிட்டு செஞ்சிருக்காங்கன்னு தெரியுது, ஏன்னா வெறும் யானை, கோயில்னு நிறுத்தல. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம்னு ரெண்டு கட்டடம், ரெண்டையும் ஒரே இடத்துல கட்டினா ஐந்நூற்றுவர் வட்டாரம் ஆகும். மூணும் நிஜமான வணிகக் குழுக்கள். சுமத்ராவுல பாருஸ் பக்கத்துல 1088-ல ஐந்நூற்றுவர் வெச்ச தமிழ்க் கல்வெட்டே இருக்கு. கலம்னு கப்பல், ஒற்றுன்னு வேவுக்காரன், தஞ்சைப் பெரிய கோயில் ஒரு அதிசயமா வருது. படைய விட வியாபாரம்தான் இவங்கள இந்தப் பக்கம் கொண்டுவந்துச்சுன்னு புரிஞ்சு வெச்சிருக்காங்க, இந்த விஷயத்துல அத மிஞ்ச ஆள் இல்ல.

ஆனா பிரச்சனை அந்த கேமோட அமைப்புலயே இருக்கு. மூணு யுகம், ஒவ்வொண்ணுக்கும் சிவ் மாத்தணும்னுதான் அத வெளியிட்டாங்க, சோழர் நடு யுகத்துக்கு மட்டும்தான் இருந்தாங்க. அவங்க காட்டுற இந்திய வரிசைப்படி போனா முதல்ல மௌரியர், அப்புறம் சோழர், அப்புறம் முகலாயர். மௌரியர் எப்போ தமிழ்நாட்ட ஆண்டாங்க? அசோகரோட பாறைக் கல்வெட்டுலயே சோழரும் பாண்டியரும் எல்லைக்கு வெளிய இருக்கிறவங்கன்னுதான் வருது. அவங்ககிட்ட இருந்து சோழர் முளைக்கிற மாதிரி காட்டுறத என்னால ஏத்துக்க முடியல. கப்பல் எல்லாம் கட்டி, கடலுக்கு அந்தப் பக்கம் ஊர் புடிச்சு, ஆட்டம் சூடு புடிக்கிற நேரத்துல யுகம் முடிஞ்சு சோழர் போயிட்டாங்க. தலைவர் வரிசையில அசோகர் இருந்தாரு, ராஜராஜனும் இல்ல ராஜேந்திரனும் இல்ல. ஒரு ஆட்டம் முடிய ஆகுற நேரம் வேற, நேஷனல் சர்வீஸ்ல இருந்து வீக்கெண்டுக்கு மட்டும் புக்-அவுட் ஆகி வர்ற தம்பிங்களுக்கு அது சரிப்படாது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல 2022 ஏப்ரல்ல இந்திய வம்சங்கள் டிஎல்சி வந்தப்போ, அதுவரைக்கும் இந்தியர்னு ஒரே சிவ்வா ஹிந்தி பேசிக்கிட்டு இருந்தத பிரிச்சு திராவிடர்னு தனியா கொடுத்தாங்க. சோழர், பாண்டியர், விஜயநகரம் எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டினது எனக்குப் புடிக்கல, சோழர்னே வெச்சிருக்கலாம். ஆனா வில்லேஜர கிளிக் பண்ணா தமிழ்ல பதில் வருதுங்க. அத முதல்ல கேட்டப்போ நான் மரம் வெட்ட அனுப்புறதயே மறந்துட்டு அந்த ஆளயே திரும்பத் திரும்ப கிளிக் பண்ணிக்கிட்டு இருந்தேன். ராஜேந்திரன் பேர்ல ஒரு கேம்பெய்னும் இருக்கு.

ஆட்டமா பார்த்தா தண்ணி மேப்ல இவங்க ராஜா. காலம் ஏறுறப்பல்லாம் 200 மரம் கைக்கு வருது, டாக் (கப்பல் கட்டுற துறை) 150 மரம்தான், உடனே இன்னொண்ணு போடலாம், மீன் படகு 15 கூடுதலா சுமக்கும், கடைசியில திரிசடை கப்பல் வந்துட்டா கரையில எதிரி நிக்கவே முடியாது. தரையில சுருள்வாள் வீரன், எதிரி கவசத்தயே மதிக்காத வூட்ஸ் எஃகு. ஆனா நைட்னு சொல்ற கவசக் குதிரை வீரன் கிடையாது, அதனால அரேபியா மாதிரி திறந்த மேப்ல நல்ல ஆள்கிட்ட மாட்டினா திணறணும். என் கூட்டாளி ஒருத்தன் மலாய் எடுப்பான், நான் திராவிடர், தீவு மேப். அவன் வலைப்பொறி மீன மலிவா புடிச்சு என்னவிட வேகமா காலம் ஏறிடுவான், கடைசியில அவன் டாக்கே அம்பு விடுற துறைமுகமா மாறிடும், அதுக்குள்ள நான் அவன் கடலப் புடிக்கலன்னா தொலைஞ்சேன். 1025 சண்டைய இந்த ஊர்லயே ரெண்டு பக்கமும் உக்காந்து ஆடுற மாதிரி இருக்கும், வேற எந்த கேமும் எனக்கு இத தரல.

சோழர எவ்வளவு புரிஞ்சு செஞ்சிருக்காங்கன்னு மட்டும் பார்த்தா சிவிலைசேஷன் 7-தான் முன்னாடி நிக்குது. வாரக்கடைசியில ஆடி அனுபவிக்க ஏஜ் 2, என் ஓட்டு அதுக்கு. அடிப்படை கேம் கையில இருந்தா அந்த டிஎல்சிய ஸ்டீம் சேல்ல எடுங்க, தண்ணி மேப்லயே ஆரம்பிங்க. ஏஜ் 4-ல அடுத்த அறிவிப்பு வர்றப்போ நான் திரும்பவும் முதல் ஆளா போய்ப் பார்ப்பேன், அதுவரைக்கும் அத காசு குடுத்து யாரையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.