ஒரே விலை, இரண்டு வீரர்கள்: ஸ்ட்ராஸ்பர்க்கா, ரெண்டனா?

2019-ல் அமெரிக்க பேஸ்பால் அணியான வாஷிங்டன் நேஷனல்ஸ், சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸை வென்ற கையோடு, அதன் இரண்டு தூண்கள் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார்கள், அதாவது எந்த அணியிலும் சேரலாம். ஒருவர் பந்து வீசும் பிட்சர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், இன்னொருவர் மூன்றாம் பேஸ் வீரர் ஆண்டனி ரெண்டன். இருவரையும் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது என்று உரிமையாளர் மார்க் லெர்னர் வெளிப்படையாகவே சொன்னார். டிசம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நேஷனல்ஸிலேயே தங்கினார். இரண்டு நாள் கழித்து ரெண்டன் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். இருவருக்கும் அச்சு அசலாக ஒரே தொகை: 7 ஆண்டு, 24.5 கோடி டாலர். இதில் எந்த ஒப்பந்தம் தேவலாம்?

நடந்ததை மட்டும் பார்த்தால் ரெண்டன்தான் மேல். அதுவும் எப்படிப்பட்ட மேல்! 162 ஆட்டம் உள்ள சீசனில் ஏஞ்சல்ஸுக்காக அவர் ஒருமுறைகூட 58 ஆட்டத்தைத் தாண்டவில்லை. இடுப்பு, மணிக்கட்டு, கால் என்று காயம் மாற்றி காயம். 2025 முழுக்க ஆடவே இல்லை. அதுவரை சேர்ந்தது 257 ஆட்டம், 22 ஹோம் ரன். ஸ்ட்ராஸ்பர்க் வீசியதோ எட்டே ஆட்டம், 31 இன்னிங்ஸும் சொச்சமும் (ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்). கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு நெரிபடும் கோளாறுக்கு 2021-ல் அறுவை சிகிச்சை செய்தும் கை தேறவில்லை, 2024-ல் ஓய்வு. பேஸ்பாலில் எழுதிய பணம் எழுதியதுதான், காயம் பட்டாலும் கொடுத்தாக வேண்டும். கணக்குப் போட்டால் ஸ்ட்ராஸ்பர்க் வீசிய ஒரு இன்னிங்ஸுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டாலர்.

சரி, இதெல்லாம் பின்னால் தெரிந்தது. கையெழுத்துப் போட்ட அன்று என்ன தெரியும் என்று கேட்பதுதான் நியாயம். ரெண்டனுக்கு வயது 29. முந்தைய நான்கு சீசனிலும் 136 ஆட்டத்துக்குக் குறையாமல் ஆடியவர். 2019-ல் 126 ரன் அடித்துக்கொடுத்து லீக்கிலேயே முதலிடம். அவர் உடம்பு இப்படிப் படுத்தும் என்று யாரும் ஊகித்திருக்க முடியாது. ஏஞ்சல்ஸுக்கு அது துரதிர்ஷ்டம். ஸ்ட்ராஸ்பர்க் கதை வேறு. வயது 31, 2010-லேயே முழங்கைத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை, பத்து சீசனில் 200 இன்னிங்ஸைத் தாண்டியது இரண்டே முறை. அதில் ஒன்று 2019. அதற்கு மேல் பிளேஆஃபில் (சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களில்) இன்னொரு 36 இன்னிங்ஸ், வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர் பட்டம் வேறு. களைத்த கைக்கு உச்ச விலை. பழைய ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த 4 ஆண்டு, 10 கோடியை உதறிவிட்டுத்தான் அவர் வெளியே வந்திருந்தார். அந்த விலைக்கு மேல் போயிருக்கவே கூடாது என்பது என் கணிப்பு. கோப்பைக்கான நன்றிக்கடனை ஒப்பந்தமாக எழுதிவிட்டார்கள்.

இதே அணி 2015-ல் மேக்ஸ் ஷெர்சரை எடுத்ததைப் பாருங்கள். 30 வயது பிட்சருக்கு 7 ஆண்டு, 21 கோடி என்றதும் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். முதல் சீசனிலேயே இரண்டு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்), 2016-ல் ஒரே ஆட்டத்தில் 20 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), அப்புறம் அடுத்தடுத்து இரண்டு முறை சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2021-ல் அவரை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து இளம் வீரர்களையும் வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் பாதித் தொகையைத் தள்ளிவைத்ததால் ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் 2028 வரை அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தச் செக்கை நேஷனல்ஸ் முணுமுணுக்காமல் எழுதலாம்.